பின்வளவில் கிரானி ஃபிளாட்: சிட்னியில் அனுமதி பெறும் வழி

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஒரு தனி இடம் வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கடனுக்கு வாடகைப் பணம் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் கிரானி ஃபிளாட், அதாவது வீட்டு மனையிலேயே கட்டும் சிறிய இரண்டாம் வீடு, பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்கும். டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் நம்மவர்கள் வாங்கும் பழைய வீடுகளுக்குப் பின்வளவு தாராளமாக இருக்கும். ஆசை வருவது இயல்புதான். ஆசை வந்ததும் பலர் நேராகப் போவது பில்டரின் டிஸ்ப்ளே வீட்டுக்கு. அங்கே சமையலறைக் கல்லின் நிறம் வரைக்கும் தேர்ந்தெடுத்து, டெபாசிட்டும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் நிலத்தில் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதித் தலைவலி குறையும்.

இங்கே சொல்வது நியூ சவுத் வேல்ஸ் விதிகள். மாநிலச் சட்டத்தில் கிரானி ஃபிளாட்டின் பெயர் 'செகண்டரி ட்வெல்லிங்'. 2021-இன் ஹவுசிங் பாலிசிதான் இதற்கு அடிப்படை ஆவணம். அதன்படி குடியிருப்புப் பகுதி ஒன்றில், ஒரு வீடு இருக்கும் மனையில், ஒரே ஒரு கிரானி ஃபிளாட் கட்டலாம். உள்ளூர்த் திட்டம் கூடுதலாக அனுமதிக்காத வரை அதன் அளவு 60 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதைத் தனி மனையாகப் பிரித்து விற்க முடியாது. உறவினர்தான் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, யாருக்கும் வாடகைக்கு விடலாம். கூடுதலாக ஒரு கார் நிறுத்துமிடம் காட்ட வேண்டும் என்றும் சட்டம் கேட்பதில்லை. வீட்டோடு ஒட்டியும் கட்டலாம், பழைய வீட்டுக்குள்ளேயே ஒரு பகுதியைப் பிரித்தும் செய்யலாம். இங்கே அதிகம் பேசப்போவது பின்வளவில் தனியாக நிற்கும் கட்டடத்தைப் பற்றி.

முதலில் வாங்க வேண்டிய காகிதங்கள்

பிளானுக்குப் பணம் செலவழிக்கும் முன் மூன்று காகிதங்கள் கையில் இருக்கட்டும். வீடு வாங்கும்போது வழக்கறிஞர் கொடுத்த கோப்பில் இவை ஏற்கெனவே இருக்கும், தேடிப் பாருங்கள். பழையதாக இருந்தால் புதிதாக வாங்குங்கள்.

ஒன்று, கவுன்சில் தரும் 10.7 பிளானிங் சான்றிதழ். உங்கள் மனை எந்த ஸோனில் இருக்கிறது, வெள்ளப் பகுதியா, புஷ்ஃபயர் (காட்டுத்தீ) பகுதியா, பாரம்பரியக் கட்டுப்பாடு உண்டா, வேகமான அனுமதி வழி இந்த மனைக்குத் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். பலர் இதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த வேகமான வழியின் பெயரான 'காம்ப்ளையிங் டெவலப்மென்ட்' என்ற தலைப்பு வரும் பகுதியை மட்டுமாவது பொறுமையாக வாசியுங்கள். அந்த ஒரு பகுதி உங்களுக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்தலாம்.

இரண்டாவது, நிலப் பத்திரமும் அதோடு பதிவான டெபாசிட்டட் பிளானும் (மனை எல்லைகளின் வரைபடம்). மனை வழியாக யாருக்காவது ஈஸ்மென்ட் (குழாய்க்கோ பாதைக்கோ உங்கள் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) போகிறதா, பழைய நிபந்தனை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இதில் தெரியும். ஈஸ்மென்ட் மேல் கட்ட முடியாது. அதை ஒட்டிக் கட்டுவதற்கும் நிபந்தனைகள் இருக்கலாம்.

மூன்றாவது, சிட்னி வாட்டரின் சூவர் (கழிவுநீர்க் குழாய்) வரைபடம். இதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

மண்ணுக்கடியில் இருப்பது

பழைய புறநகர்களில் கழிவுநீர்ப் பிரதான குழாய் தெருவில் ஓடாமல் மனைகளின் பின்னெல்லையை ஒட்டி ஓடுவது மிகச் சாதாரணம். அதாவது, கிரானி ஃபிளாட் வைக்க நீங்கள் கண் வைத்திருக்கும் அதே இடத்துக்கு அடியில். குழாயின் மேல் கட்டுவதும், அதன் பாதிப்பு வட்டத்துக்குள் கட்டுவதும் சிட்னி வாட்டரின் ஒப்புதலோடு மட்டுமே நடக்கும். குழாய் எவ்வளவு ஆழத்தில், எந்த இடத்தில் போகிறது என்று முறைப்படி அளந்து குறிக்க வேண்டிவரும். அதன்பின் அஸ்திவாரத்தைக் குழாயை விட ஆழமாகத் தூண்களில் இறக்கச் சொல்லலாம், அல்லது குழாயைச் சுற்றிக் கான்கிரீட் உறை போடச் சொல்லலாம். உறை போடும் வேலையை உங்கள் பிளம்பரை வைத்துச் செய்ய முடியாது. சிட்னி வாட்டர் அங்கீகரித்த வாட்டர் சர்வீசிங் கோஆர்டினேட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இதற்கான செலவு பில்டரின் விளம்பர விலையில் அநேகமாக இருக்காது. சில சமயம் கட்டடத்தை ஒன்றிரண்டு மீட்டர் முன்னால் தள்ளினாலே பிரச்சினை தீர்ந்துவிடும். பிளான் வரையும் முன் தெரிந்தால் அந்தத் தள்ளலுக்குச் செலவே இல்லை.

அடுத்தது மழைநீர். சூவரை விட அதிகம் பேரை மடக்குவது இதுதான் என்று நினைக்கிறேன். கூரைத் தண்ணீர் தானாகவே சரிந்து தெருவோரக் கால்வாய்க்குப் போக வேண்டும் என்பது அடிப்படை விதி. உங்கள் நிலம் தெருவை நோக்கிச் சரிந்தால் கவலையில்லை. பின்பக்கம் சரிந்தால், தண்ணீர் கீழே இருக்கும் அயலவரின் நிலத்தைத் தாண்டித்தான் போக முடியும். அதற்கு அவர் நிலத்தில் வடிகால் ஈஸ்மென்ட் வாங்க வேண்டும். அவர் சம்மதிக்க வேண்டும், பணம் கேட்பார், வழக்கறிஞர் செலவு, சர்வேயர் செலவு, பதிவுச் செலவு. மறுத்துவிட்டால் என்ன செய்வது? நிலத்துக்குள்ளேயே தண்ணீரை ஊறவைக்கும் குழி, அழுத்தத்தில் தண்ணீரை மேலே தெருவுக்குத் தள்ளும் குழாய் என்று மாற்று வழிகள் உண்டு. எதை ஏற்பது என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். மேல் பரமட்டா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், அதாவது நம்மவர்கள் நிறைய வாழும் பகுதிகளில், மழைநீரைச் சற்று நேரம் தேக்கிவைத்து மெதுவாக விடும் தொட்டியும் கேட்பார்கள். ஆன்-சைட் டிடென்ஷன் என்று சொல்வது இதைத்தான். உங்கள் மனைக்கு அது தேவையா என்று கவுன்சிலின் பொறியியல் பிரிவை அழைத்துக் கேட்டால் சொல்வார்கள்.

பெரிய மரம் இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். கவுன்சில் பாதுகாக்கும் மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். அதன் அடிமரத்துக்கு மிக அருகில் அஸ்திவாரம் தோண்டவும் விடமாட்டார்கள்.

அளவுக் கணக்கு

வேகமான வழியில் போக, மனை குறைந்தது 450 சதுர மீட்டர் இருக்க வேண்டும். 450-க்கும் 900-க்கும் இடைப்பட்ட மனையென்றால் முன்பக்க அகலம், கட்டடக் கோட்டில் அளந்து, 12 மீட்டராவது வேண்டும். பக்க எல்லையிலிருந்து 0.9 மீட்டர், 3.8 மீட்டர் வரை உயரமான கட்டடத்துக்குப் பின்னெல்லையிலிருந்து 3 மீட்டர் விட வேண்டும். மனை 900-ஐத் தாண்டி 1,500 வரை இருந்தால் இந்த இடைவெளிகளும் கூடும்: பக்கத்தில் 1.5, பின்னால் 5 மீட்டர். பெரிய மனைக்காரர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 560 சதுர மீட்டர் மனை. கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து பாதி நிலத்தை, 280 சதுர மீட்டரை, மூடலாம். பழைய ஒருமாடி வீடு 170, கராஜ் 36, கிரானி ஃபிளாட் 60 என்றால் 266. சரி, உள்ளே அடங்குகிறது. இதே மனையில் புதிதாகக் கட்டிய இரண்டு மாடி வீடு இருந்தால் கதை வேறு. அங்கே தரையை மூடும் அளவு சிக்கல் இல்லை, மொத்தத் தளப்பரப்புதான் சிக்கல். 450-க்கும் 600-க்கும் இடைப்பட்ட மனையில் வீடு, ஒட்டிய கராஜ், கிரானி ஃபிளாட் எல்லாம் சேர்ந்து 330 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. 290 சதுர மீட்டர் வீடு வைத்திருப்பவருக்கு மிச்சம் 40-தான். புது வீடு கட்டும்போதே பின்னால் ஒன்று போடும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கை அப்போதே போட்டுவிடுங்கள்.

செடி கொடிக்கு விடும் நிலமும் கணக்கில் வரும். இந்த அளவு மனைக்கு 20 சதவீதம், அதாவது 112 சதுர மீட்டர். கான்கிரீட் போட்ட இடமும் பேவிங் கல் பதித்த இடமும் இதில் சேராது. பின்வளவு முழுக்க ஏற்கெனவே சிமெண்டு போட்டு வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பகுதியை உடைத்துப் புல் வைக்க வேண்டியிருக்கும். இதோடு 24 சதுர மீட்டர் திறந்தவெளியும், வசிப்பறையிலிருந்து நேராக இறங்கக்கூடியதாக, வேண்டும்.

இன்னொரு இடைவெளி கட்டட விதிகளில் இருக்கிறது. வீட்டுக்கும் கிரானி ஃபிளாட்டுக்கும் நடுவே 1.8 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் சுவர்களுக்குத் தீத்தடுப்புத் தரம் வேண்டும், செலவு ஏறும்.

சி.டி.சி.யா, டி.ஏ.யா

அனுமதிக்கு இரண்டு வழி. சி.டி.சி. (காம்ப்ளையிங் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்) என்பதுதான் மேலே சொன்ன வேகமான வழி: விதியில் சொன்ன அளவுகள் எல்லாம் அப்படியே பொருந்தினால் தனியார் சர்டிஃபையரோ கவுன்சிலோ கொடுக்கும் சான்றிதழ். இதில் யாருடைய ரசனைக்கும் இடமில்லை. பொருந்தினால் கிடைக்கும், ஒரு அளவு தவறினாலும் கிடைக்காது. காகிதங்கள் முழுமையாக இருந்தால் 10 அல்லது 20 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். காகிதங்களை முழுமையாக்கத்தான் மாதங்கள் ஆகும். அது வேறு விஷயம். சிட்னி போன்ற பகுதிகளில் சான்றிதழ் தரும் முன் 20 மீட்டருக்குள் இருக்கும் அயலவர்களுக்கு 14 நாள் முன்னறிவிப்புப் போகும். அது தகவல் மட்டுமே, அவர்கள் எதிர்ப்பதால் மட்டும் நின்றுவிடாது. ஆனாலும் கடிதம் போகும் முன் நீங்களே வேலிப் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாளைக்கு ஈஸ்மென்ட் கேட்டு அதே கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.

பாரம்பரியப் பகுதி, கடுமையான புஷ்ஃபயர் பகுதி, 450-க்குக் குறைந்த மனையில் தனிக் கட்டடம் போன்றவற்றுக்கு டி.ஏ., அதாவது கவுன்சிலுக்கு விண்ணப்பம். வெள்ளப் பகுதி என்று எழுதியிருந்தால் உடனே கைவிட வேண்டாம், அபாயம் குறைவான இடங்களில் பொறியாளர் சான்றோடு சி.டி.சி. கிடைப்பதுண்டு. டி.ஏ.வில் அயலவர் கருத்துக் கேட்பார்கள், அதிகாரி தன் தீர்ப்பைப் பயன்படுத்துவார், மாதக்கணக்கில் போகும். அனுமதி கிடைத்த பின் கட்டுமானச் சான்றிதழ் என்று இன்னொன்றும் வாங்க வேண்டும். சி.டி.சி.யில் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடும். என் கருத்தைக் கேட்டால், கட்டடத்தைச் சற்றுச் சிறிதாக்கியோ நகர்த்தியோ சி.டி.சி.க்குள் அடக்க முடியுமென்றால் அடக்கிவிடுங்கள். 60-க்குப் பதில் 54 சதுர மீட்டர் என்பதால் யாரும் அவதிப்படப் போவதில்லை.

விண்ணப்பம் எதுவானாலும் நியூ சவுத் வேல்ஸ் பிளானிங் போர்ட்டல் வழியாகத்தான் போகும். சேர்க்க வேண்டியவை: சர்வேயரின் அளவைப் படம், கட்டடப் பிளான், பொறியாளரின் அஸ்திவார வரைபடம், மழைநீர்ப் பிளான், பேசிக்ஸ் சான்றிதழ், சிட்னி வாட்டரின் 'டாப் இன்' சேவையில் ஒப்புதல் பெற்ற பிளான். பேசிக்ஸ் என்பது தண்ணீர், மின்சாரச் சிக்கனத்துக்கான மாநிலச் சான்று. 2023 அக்டோபர் 1 முதல் அதன் தரம் உயர்ந்துவிட்டது. அதற்கு முன் கட்டிய நண்பரின் பிளானை வாங்கி அப்படியே நகல் எடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

அம்மா அப்பாவுக்காகக் கட்டுகிறீர்கள் என்றால் பிளானிலேயே சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். வாசலிலும் குளியலறையிலும் படி இல்லாமல் இருக்கட்டும். கதவுகள் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கட்டும். பிற்காலத்தில் கைப்பிடி மாட்ட வசதியாகக் குளியலறைச் சுவருக்குள் பலகை வைக்கச் சொல்லுங்கள். தேசியக் கட்டட விதியில் இவற்றுக்கென ஒரு பகுதியே உண்டு. நியூ சவுத் வேல்ஸ் அதை ஏற்காததால் இங்கே பில்டர் தானாகச் செய்யமாட்டார். அப்புறம், சமையலறைப் புகைபோக்கி நேராக வெளியே போகிறதா என்று பாருங்கள். காற்றை உள்ளேயே சுற்றவிடும் சாதனம் மீன்குழம்புக்கும் தாளிப்புக்கும் தாங்காது, 60 சதுர மீட்டரில் படுக்கையறை வரைக்கும் மணக்கும்.

பில்டரோடு ஒப்பந்தம்

உரிம எண்ணை அரசின் இணையப் பதிவேட்டில் சரிபார்ப்பது முதல் வேலை. வேலை 20,000 டாலரைத் தாண்டினால் ஹோம் பில்டிங் காம்பன்சேஷன் காப்பீடு (பில்டர் திவாலானாலோ காணாமல் போனாலோ உங்களைக் காப்பது) கட்டாயம். உங்கள் பெயரிலும் முகவரியிலும் அந்தச் சான்றிதழ் வரும் முன் பில்டர் டெபாசிட் வாங்கக்கூடாது. டெபாசிட்டும் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. "நம்ம ஆள்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் அண்ணா" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே சான்றிதழைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னும் மனம் மாற 5 வேலைநாள் அவகாசம் உண்டு.

விலையை ஒப்பிடும்போது சதுர மீட்டர் விலையை விட எதெல்லாம் சேரவில்லை என்பதைப் பாருங்கள். சூவர் வேலை, மழைநீர், மண் அள்ளுவது, மின்பலகை மாற்றுவது, கான்கிரீட் பம்ப், நடைபாதை, வேலி. பழைய ஃபைப்ரோ கராஜை இடிக்க வேண்டுமென்றால் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். 10 சதுர மீட்டருக்கு மேல் என்றால் உரிமம் உள்ளவர்தான் அகற்ற வேண்டும்.

ஓனர்-பில்டராக நீங்களே கட்டவும் வழி உண்டு. 10,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். 20,000-ஐத் தாண்டினால் அதற்கு முன் ஒரு பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கலாம்தான். ஆனால் அந்த வேலைக்கு மேற்சொன்ன காப்பீடு கிடைக்காது. ஏழரை ஆண்டுக்குள் வீட்டை விற்றால் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி எச்சரிக்கை போட வேண்டும். முழுநேர வேலைக்குப் போய்க்கொண்டு இதையும் பார்ப்பது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை.

கட்டும்போதும் முடிந்த பின்னும்

கட்டுமானத்தைப் பரிசோதித்துச் சான்று தரும் பிரின்சிபல் சர்டிஃபையரை நியமிப்பது உரிமையாளரின் உரிமை. பில்டர் தனக்குப் பழக்கமான ஒருவரைச் சொல்லலாம், தேர்வு உங்களுடையது. வேலை தொடங்க 2 நாள் முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும் முன், சட்டகம் நின்றதும், குளியலறை நீர்த்தடுப்புப் போட்டதும், மழைநீர்க் குழாயை மூடும் முன், கடைசியில் என்று பரிசோதனைகள் வரும். ஒன்றைத் தவறவிட்டு மூடிவிட்டால் பிறகு இறுதிச் சான்று வாங்குவது பெரும்பாடு. எல்லாம் முடிந்து ஆக்குபேஷன் சான்றிதழ் வந்த பிறகே ஆட்கள் குடிபோகலாம்.

கட்டணங்களில் பெரியது கவுன்சிலின் உள்கட்டமைப்புப் பங்களிப்பு. சில கவுன்சில்கள் கட்டுமானச் செலவில் சதவீதமாக வாங்கும்: பொதுவாக 1 லட்சம் டாலருக்கு மேல் 0.5, 2 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம். சில கவுன்சில்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வேறு கணக்கில் போடும், அது இதைவிடப் பல மடங்கு ஆகலாம். பில்டரை நம்பாமல் கவுன்சிலிடமே தொகையைக் கேளுங்கள். லாங் சர்வீஸ் லெவி (கட்டுமானத் தொழிலாளர்களின் நீண்டகாலப் பணி விடுப்புக்கான வரி) 2.5 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு மட்டும்தான். வங்கிக்கும் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தனி மின்மீட்டர் வேண்டுமென்றால் தெரு மின்கம்பி இணைப்பில் வேலை செய்ய அங்கீகாரம் பெற்ற லெவல் 2 எலக்ட்ரீஷியன் தேவை.

வரியில் கவனிக்க வேண்டியது ஒன்று. வாடகைக்கு விட்டால், விற்கும்போது அந்தப் பகுதிக்கு முதன்மை வீட்டுக்கான மூலதன ஆதாய வரிவிலக்குக் கிடைக்காது. பெற்றோர் தங்கள் பணத்தைப் போட்டு, ஆயுள் முழுதும் குடியிருக்கும் உரிமை பெறுவது வேறு கணக்கு. அவர்கள் ஓய்வூதிய வயதை எட்டியவர்களாக இருந்து, எழுத்தில் முறையான ஒப்பந்தமும் இருந்தால், 2021 ஜூலை 1 முதல் அந்த ஏற்பாட்டுக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஓய்வூதியம் வழங்கும் அரசு அமைப்பான சென்டர்லிங்கும் இதைக் கிரானி ஃபிளாட் உரிமையாகத் தனியே மதிப்பிடும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு வயது ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 10 ஆண்டு வசிப்பு வேண்டும் என்பதால் இப்போது தேவையில்லாத காகிதம் போலத் தோன்றும். அண்ணன் தம்பிகளுக்குள் பிறகு கேள்வி வராமல் இருக்கவாவது வழக்கறிஞரிடம் எழுதி வையுங்கள்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விக்டோரியாவில் 2023 டிசம்பர் முதல், 300 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில், சிறப்புக் கட்டுப்பாடுகள் இல்லையென்றால், 60 சதுர மீட்டர் வரையிலான சிறிய இரண்டாம் வீட்டுக்குப் பிளானிங் பெர்மிட் பொதுவாகத் தேவையில்லை. பில்டிங் பெர்மிட் கட்டாயம் வேண்டும், கேஸ் இணைப்புக் கொடுக்க முடியாது. குயின்ஸ்லாந்தில் 2022 செப்டம்பருக்குப் பிறகுதான் வெளியாருக்கு வாடகைக்கு விடும் வழி திறந்தது. அளவு அங்கே கவுன்சிலைப் பொறுத்தது.

ஏற்கெனவே கட்டியிருந்தால்

'கிரானி ஃபிளாட்டுடன்' என்று விளம்பரம் செய்த வீட்டை வாங்கப் போகிறீர்களா? கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறும் முன் ஆக்குபேஷன் சான்றிதழைக் கேளுங்கள். கராஜுக்குள் அடுப்பும் கழிவறையும் வைத்து வாடகைக்கு விட்டிருப்பது இங்கே அரிதல்ல. அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடத்துக்குக் கட்டி முடித்த பிறகு சி.டி.சி. வாங்க முடியாது. கவுன்சிலிடம் பில்டிங் இன்ஃபர்மேஷன் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் கட்டடத்தை இடிக்கச் சொல்லி 7 ஆண்டுக்குக் கவுன்சில் உத்தரவிடாது, அவ்வளவுதான். அந்தச் சான்றிதழால் அது சட்டப்படியான குடியிருப்பாக மாறிவிடாது. வாடகைக்கு விட்ட பிறகு ஒரு தீ விபத்து நடந்து, அனுமதி இல்லாத கட்டடம் என்று தெரியவந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். விற்பவர் சான்றிதழைக் காட்டத் தயங்கினால், கராஜ் விலைக்கு மேல் அதற்கு ஒரு டாலரும் சேர்க்காமல் பேரம் பேசுங்கள்.